வந்த ஊர்ல குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

வேலைக்காக வெளிநாட்டுலேர்ந்து இந்தியா வந்து இருக்கறவங்க பத்தியும், அவங்களோட வேலை பார்க்கறவங்க, பக்கத்து வீட்டுல இருக்கறவங்க பத்தியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததுல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டு மிச்சத்துக்கு இங்க பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: ஒரகடத்துல ஒரு ஜப்பான் கம்பெனியில ஹெச்.ஆர்.ல இருக்கேன். ஒரு மேனேஜர் மனைவி, ஆறு வயசுப் பொண்ணோட மூணு வருஷத்துக்கு வர்றார். இதுவரைக்கும் தனியா வந்தவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம், குடும்பமா வர்றது இதுதான் முதல் தடவை. எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே புரியல.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஸ்கூல்லேர்ந்து ஆரம்பிங்க. எல்லாரும் வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க, ஃபேக்டரிக்குப் பக்கமா ஒரு நல்ல வில்லாவா பார்த்து அட்வான்ஸ் குடுத்துடுவாங்க, அப்புறம் குழந்தைக்கு தரமணி அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சீட் கிடைச்சதுன்னு வைங்க, ஆறு வயசுப் பொண்ணு விடியக்காலைல எழுந்து கார்ல தூங்கிக்கிட்டே போய்ட்டு தூங்கிக்கிட்டே வரும். அப்பா தூரமா போய்ட்டு வரட்டும், அவருக்கு கார் இருக்கு, டிரைவர் இருக்கு, போற வழியில ஃபோன்ல பேசியே பாதி வேலையை முடிச்சுடுவார். குழந்தை வீட்டுக்குப் பக்கத்துல படிக்கட்டும். ஜப்பான்ல படிப்பு வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்கும், இங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்கள்ல பெரும்பாலும் ஆகஸ்ட்ல, அதனால நடுவுல சேர்ப்பாங்களா, இங்கிலீஷ் தெரியாத குழந்தைக்குத் தனியா கிளாஸ் எடுப்பாங்களா, இந்த ரெண்டையும் அவர் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்தது பேப்பர் வேலை. எம்ப்ளாய்மென்ட் விசா 180 நாளுக்கு மேல இருந்தா வந்து இறங்கின 14 நாளைக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ.ல, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்கான பதிவு ஆபீஸ்ல, பதிவு பண்ணணும். முன்னாடியெல்லாம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல போய் டோக்கன் வாங்கி உக்காந்திருக்கணும், 2018லேர்ந்து இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. வந்துடுச்சு, பெரும்பாலும் ஆன்லைன்லயே முடிஞ்சுடும். மனைவிக்கும் தனியா பண்ணணும், அதை மறந்துடாதீங்க. இதுல எல்லாரும் மாட்டிக்கிறது ஃபார்ம் சி-ன்னு சொல்றோமே அதுலதான், வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரர் அந்தத் தகவலை ஆன்லைன்ல ஏத்தணும். ஹோட்டலும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டும் கேக்காமலே பண்ணிடுவாங்க, தனி வீட்டு ஓனருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கினப்புறம் போய் சொன்னீங்கன்னா போலீஸ் கேஸோன்னு பயந்து வேணாம்பார். முதல் நாளே உக்காந்து பொறுமையா சொல்லி, நானே லாகின் போட்டுத் தர்றேன்னு சொல்லுங்க, ஒத்துக்குவாங்க. சர்வீஸ் அபார்ட்மென்ட்லேர்ந்து சொந்த வீட்டுக்கு மாறும்போது அட்ரஸ் மாறினதையும் திரும்ப ஏத்தணும்.

வீடு பார்க்கும்போது புரோக்கர் காட்டற மாடுலர் கிச்சனைப் பார்க்காதீங்க. அந்த ஏரியால 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்க, அவர் முழங்கால், இடுப்புன்னு கையை வச்சே காட்டுவார். மே மாசம் போர்ல தண்ணி வருதா, லாரித் தண்ணிதானா, கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏ.சி. ஓடுமா இல்ல லைட்டும் ஃபேனும் மட்டும்தானா, எல்லா ஜன்னலுக்கும் கொசு வலை இருக்கா, இதெல்லாம்தான் அவங்க தினமும் வாழப்போற விஷயம். மாசத்துல ஒரு நாள் மெயின்டனன்ஸ்னு காலைல 9 மணிலேர்ந்து 2 மணி வரைக்கும் கரண்ட் நிறுத்துவாங்களே, அது பேப்பர்ல முன்னாடி நாளே வந்துடும்னு அவங்களுக்கு யாரும் சொல்றதில்ல, ஊரே ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துடறாங்க. ஜப்பான்ல கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230, அங்கேர்ந்து ஆசையா தூக்கிட்டு வர்ற ரைஸ் குக்கரை இங்க சொருகினா அந்த நிமிஷமே போயிடும், அதனால 220–240 வோல்ட் மாடல்னு பார்த்து வாங்கி வரச் சொல்லுங்க இல்ல இங்கேயே வாங்கிக் குடுங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது ஒண்ணு இருக்கு. கம்பெனி எல்லாத்தையும் செஞ்சு குடுக்குதுங்கறதுதான் பெருமைன்னு நாம நினைக்கறோம், அட்மின்ல ஒரு தம்பி பாலு, காய், கேன் தண்ணி எல்லாம் வாங்கிப் போட்டுடுவார், டிரைவர் வாசல்ல நிப்பார், அந்தம்மா எதுக்கும் வெளிய வரவேண்டியதே இல்ல. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா அவங்களுக்கு ஒரு கடைக்காரர் முகம்கூடத் தெரியாது. அதுவும் சிம் கார்டு கம்பெனி பேர்ல வாங்கி நம்பரை அட்மின் ஃபோன்ல வச்சுட்டா என்ன ஆகும் தெரியுமா, டெலிவரி பையன் வாசல்ல பையோட நின்னு ஓ.டி.பி. கேப்பான், ஓ.டி.பி. ஒரகடத்துல மீட்டிங்ல இருக்கற ஒருத்தர் ஃபோனுக்குப் போயிருக்கும், அந்தம்மா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு கையை விரிச்சுக்கிட்டு நிப்பாங்க. மனைவிக்குன்னு தனி சிம், அவங்க பேரும் சேர்ந்த பேங்க் அக்கவுண்ட், அதுல யு.பி.ஐ., இந்த மூணையும் முதல் மாசத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க. கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட ஸ்கேன் பண்ற ஊர் இது, யு.பி.ஐ. இல்லாம இருக்கறது ரொம்ப சிரமம்.

அப்புறம் அட்மின் தம்பியை அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லாம, ஒரு நாள் அந்தம்மாவையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ஆவின் பூத்ல நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட் எது எதுக்குன்னு காட்டட்டும், வாங்கின பாலைக் காய்ச்சணும்னு சொல்லட்டும், காஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை எப்படி மாட்டித் திறக்கறது எப்படி மூடறதுன்னு அவங்க கையாலயே ரெண்டு தடவை செய்ய வைக்கட்டும். ஒரு மத்தியான நேரம்தான் ஆகும், மூணு வருஷம் அவங்க தைரியமா இருப்பாங்க.

கேள்வி: எங்க பிளான்ட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து வர்ற இன்ஜினியர்கள் கேன் தண்ணிதான் குடிக்கறாங்க, ஆனாலும் முதல் வாரமே வயிறு கெட்டுடுது. என்ன காரணம்?
– வாசகர், மறைமலைநகர்

பதில்: தண்ணியை மட்டும் மாத்திட்டு மத்ததை விட்டுடறாங்க. ஜூஸ்ல போடற ஐஸ், வெட்டி வச்ச பழம், பச்சை வெங்காயம், தண்ணி ஊத்தி அரைச்ச சட்னி, பல் விளக்கற பைப் தண்ணி, இதெல்லாம் கணக்குல வராது. முதல் ரெண்டு வாரம் சூடா ஆவி பறக்கற சாப்பாடா மட்டும் சாப்பிடட்டும், இட்லி ரொம்ப நல்லது, பழம் அவங்களே உரிச்சுச் சாப்பிடட்டும். வர்றதுக்கு முன்னாடியே டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி பத்தி அவங்க ஊர் டாக்டர்கிட்ட பேசிட்டு வரச் சொல்லுங்க. வயித்தால போச்சுன்னா ஓ.ஆர்.எஸ். கலந்து குடிக்கணும், காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தா உடனே டாக்டர். இன்னொண்ணு, நீங்க கேக்கல ஆனா சொல்லணும், தெரு நாய் கடிச்சாலோ பிறாண்டினாலோ சின்னக் கீறல்தானேன்னு விடக்கூடாது, ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போடணும். ஜப்பான் மாதிரி வெறிநாய்க்கடி நோயே இல்லாத ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இது உயிர் போற விஷயம்னே தெரியாது. ஆம்புலன்ஸுக்கு 108, அவசரத்துக்கு 112, ரெண்டையும் அவங்க ஃபோன்ல ஏத்திக் குடுங்க.

கேள்வி: கொரியன் கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கேன். எங்க கொரியன் மேனேஜர் நல்ல மனுஷர்தான், ஆனா "உங்க ஆளுங்க எல்லாத்துக்கும் ஓகே ஓகேங்கறாங்க, வெள்ளிக்கிழமை வந்தா ஒண்ணும் நடந்திருக்காது, ஏன் பொய் சொல்றாங்க"ன்னு கத்தறார். எங்க பசங்க பொய் சொல்றவங்க இல்ல சார். இதை எப்படி அவருக்குப் புரிய வைக்கறது?
– வாசகர், இருங்காட்டுக்கோட்டை

பதில்: பொய் இல்லதான், ஆனா அவர் கோபத்துலயும் நியாயம் இருக்கு. நடந்ததை மெதுவா ஓட்டிப் பாருங்க. திங்கட்கிழமை மீட்டிங்ல "இந்த ஜிக் (பார்ட்டைப் பிடிச்சு நிறுத்தற கருவி) வெள்ளிக்கிழமை வந்துடுமா"ன்னு கேக்கறார், "ஓகே சார்"ங்கறோம். நம்ம மனசுல அதுக்கு "கேட்டுக்கிட்டேன், முயற்சி பண்றேன்"னு அர்த்தம், அவர் காதுல "வெள்ளிக்கிழமை மேஜை மேல இருக்கும்"னு விழுது. செவ்வாய்க்கிழமை அதுக்கு பிளேட்டிங், அதாவது முலாம் பூசற வேலை பண்றவர் ஃபோன் பண்ணி நாளைக்கு எங்க ஏரியால பவர் ஷட்டவுன், ரெண்டு நாள் தள்ளிப் போகும்னு சொல்றார். அப்பவே நம்ம பையனுக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா சொல்ல மாட்டான், ஏன்னா போன தடவை லேட்டுன்னு சொன்னவனை லைன்ல இருபது பேர் முன்னாடி நிக்க வச்சுத் திட்டினாங்க, அதைவிட வியாழன் ராத்திரி எப்படியாவது ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடலாம்னு நினைக்கறான். வெள்ளிக்கிழமை காலைல ஜிக்கும் இல்ல, சொல்ல வாயும் இல்ல.

அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் மாறணும், ஒரு பக்கத்தை மட்டும் மாத்த முடியாது. உங்க மேனேஜர்கிட்ட தனியா உக்காந்து, "வருமா"ன்னு கேக்காதீங்க, "இப்ப அந்த பார்ட் எங்க இருக்கு, யார்கிட்ட இருக்கு, அடுத்தது என்ன ஆகணும், என்ன ஆனா லேட் ஆகும்"னு கேளுங்கன்னு சொல்லுங்க. இந்தக் கேள்விக்கு ஓகேன்னு பதில் சொல்லவே முடியாது, விஷயத்தைச் சொல்லியே ஆகணும். இன்னொண்ணும் சொல்லுங்க, கெட்ட செய்தியை செவ்வாய்க்கிழமையே கொண்டு வந்தவனை ஒரு தடவை எல்லார் முன்னாடியும் பாராட்டச் சொல்லுங்க, அடுத்த வாரத்துலேர்ந்து அவர் மேஜைக்கு எல்லாம் சீக்கிரம் வந்து சேரும். திட்டறது இருந்தா ரூமுக்குள்ள கூப்பிட்டுத் திட்டட்டும், நம்ம ஆளுங்க அதைத் தாங்கிக்குவாங்க, இருபது பேர் முன்னாடி வாங்கினதைத்தான் வருஷக்கணக்கா மறக்க மாட்டாங்க.

நம்ம பசங்ககிட்ட நீங்க பேசணும். கொரியாக்காரங்க வேகமா முடிவெடுத்து வேகமா முடிக்கற ஊர்லேர்ந்து வர்றாங்க, அங்க லேட்டாகும்னு முன்னாடியே சொல்றவன் பொறுப்பானவன். "சார் கஷ்டம், ஞாயித்துக்கிழமைதான் வரும், ஷட்டவுன்"னு ஒரு வரி மெசேஜ் போட்டாப் போதும், அவர் அங்க சியோல்ல இருக்கற அவரோட மேலதிகாரிக்கு பதில் சொல்லணும், அவருக்கு அந்த ரெண்டு நாள் ரொம்ப முக்கியம், அதுவும் சியோல் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது, நாம காலைல ஒன்பதுக்கு மெதுவா உக்காரும்போது அங்க மதியம் பன்னெண்டரை, பாதி நாள் போயிருக்கும்.

அப்படியே நம்ம காலண்டரை ஜனவரியிலேயே அவர்கிட்ட குடுத்துடுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க போயே தீருவாங்கன்னு, ஆயுத பூஜையன்னிக்கு மெஷினை நிறுத்தித் துடைச்சு சந்தனம் குங்குமம் வச்சு, ஃபோர்க்லிஃப்ட் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, வாசல்ல பூசணிக்காய் உடைச்சாத்தான் மறுநாள் ஆபரேட்டர் நிம்மதியா கை வைப்பார்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அவர் அதுக்குத் தகுந்தாப்ல டார்கெட் போடுவார். அன்னிக்கு அவர் கையாலயே பொரியும் சுண்டலும் குடுக்கச் சொல்லுங்க. எந்த டீம் பில்டிங் கிளாஸும் வேணாம்.

கேள்வி: நான் கொழும்பில ஒரு மென்பொருள் நிறுவனத்தில வேலை செய்யிறன். ரெண்டு வருசத்துக்கு சென்னைக்கு அனுப்பியிருக்கினம். தமிழ்ச் சனம்தானே, சுகமா இருக்கும் எண்டு நினைச்சுத்தான் வந்தனான். ஆனா வீடு பாக்கப் போனா இலங்கை எண்ட உடன முகம் மாறுது, தனிய இருக்கிற பொம்பிளை எண்டதும் ஒரு பிரச்சினை. கடையில கதைச்சா மலையாளமோ எண்டு கேக்கினம். மனசு விட்டுப் போச்சு.
– வாசகி, தற்போது போரூர்

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு வருத்தமா இருந்துச்சு. ஜப்பான்காரர் வந்தா எல்லாம் புதுசா இருக்கும்னு தயாராத்தான் வருவார், நீங்க சொந்த வீட்டுக்கு வர்ற மாதிரி வந்திருக்கீங்க, அதனால ஒரு ஓனர் கதவைச் சாத்தினா உங்களுக்கு ரெண்டு மடங்கு வலிக்கும். அது உங்க தப்பு இல்ல.

வீட்டு விஷயத்துக்கு வழி இருக்கு. பயப்படற ஓனர்கள்ல நிறைய பேருக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியாது, இலங்கைன்னா ஏதோ தனி அனுமதி வாங்கணும்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. எம்ப்ளாய்மென்ட் விசாவுல வந்த எந்த நாட்டுக்காரருக்கும் இருக்கற அதே ஃபார்ம் சி, அதே எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவுதான் உங்களுக்கும். பாஸ்போர்ட், விசா, கம்பெனி லெட்டர் மூணையும் ஒரு ஃபைல்ல போட்டுக் கையில எடுத்துட்டுப் போங்க. அதைவிட நல்ல வழி, உங்க கம்பெனியையே அவங்க பேர்ல வீட்டை எடுக்கச் சொல்லுங்க, கம்பெனி லீஸ்னு கேட்டதும் பாதி ஓனர்கள் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. அட்வான்ஸ் பத்து மாசம்னு கேட்டா மலைச்சுப் போகாதீங்க, தமிழ்நாட்டுல 2017ல கொண்டு வந்த வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைதான் அட்வான்ஸ்னு இருக்கு, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டாத்தான் கூட, அதனால கையெழுத்துக்கு முன்னாடி பேசிக் குறைங்க. குடும்பத்தோட ஓனர் கீழ் வீட்டுல இருக்கற தனி வீட்டை விட, நிறைய ஐ.டி. பொண்ணுங்க இருக்கற பெரிய அபார்ட்மென்ட் உங்களுக்கு லேசா இருக்கும், யார் எத்தனை மணிக்கு வர்றாங்கன்னு யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.

நீங்க போரூர்ல இருக்கீங்க, பக்கத்துல வளசரவாக்கம் பக்கம் போய்ப் பாருங்க, நம்ம ஈழத்துக் குடும்பங்கள் நிறைய பேர் பல வருஷமா இருக்காங்க, சிவப்பரிசி மாவு எங்க கிடைக்கும், நல்ல இடியப்பம் யார் போட்டுக் குடுப்பாங்க, எந்த ஓனர் வாடகைக்குத் தருவார், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. தமிழை மட்டும் மாத்திக்காதீங்க. ஆட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும் கொஞ்சம் நிறுத்திப் பேசினாப் போதும், நாலு நாள் போனா அதே கடைக்காரர் உங்க பேச்சைக் கேக்கவே ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவார். மெட்ராஸ் பாஷை உங்களுக்குப் புரியாத மாதிரியேதான் திருநெல்வேலிலேர்ந்து வந்தவங்களுக்கும் முதல்ல புரியல, நாகர்கோவில்காரங்களையும் இங்க மலையாளமான்னுதான் கேப்பாங்க.

கேள்வி: எங்க கம்பெனிக்கு வர்ற வெளிநாட்டு ஸ்டாஃபுக்கு பி.எஃப். பிடிக்கணுமா? வரி எப்படி?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சுருக்கமா சொல்றேன், மிச்சத்தை உங்க ஆடிட்டர்கிட்ட உறுதி பண்ணிக்குங்க. 2008லேர்ந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பி.எஃப். உண்டு, நம்ம ஆளுங்களுக்கு இருக்கற 15,000 ரூபாய் வரம்பு அவங்களுக்குக் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கணும். ஆனா இந்தியாவோட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்ட நாடுன்னா, கொரியா 2011லேர்ந்து, ஜப்பான் 2016லேர்ந்து, ஜெர்மனியும் உண்டு, அவங்க ஊர்த் திட்டத்துலேயே சேர்ந்திருக்கார்னு காட்டற கவரேஜ் சர்டிஃபிகேட்டை அங்கேர்ந்து வாங்கிட்டு வந்துட்டா இங்க பிடிக்கத் தேவையில்ல. அதை அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே அங்க அப்ளை பண்ணச் சொல்லுங்க, இங்க வந்தப்புறம் நினைவு வந்தா இழுத்துக்கிட்டே போகும். வரிக்கு ஏப்ரல் 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் எத்தனை நாள் இந்தியாவுல இருந்தார்ங்கற கணக்கு முக்கியம், 182 நாள்ங்கற கோட்டை மனசுல வச்சுக்குங்க, அதைத் தொட்டா வரிக்கு இங்கேயே குடியிருக்கறவர்னு கணக்கு. எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கே வருஷத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல சம்பளம் இருக்கணும்னு விதி இருக்கு, மொழிபெயர்ப்பாளர், அவங்க நாட்டு சமையல்காரர் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு.

கேள்வி: வணக்கம் சார். நான் பினாங்கு. கம்பெனி என்னை குருகிராம் ஆபீஸுக்கு மாத்திருக்கு. இந்தியா நம்ம பாட்டன் பூட்டன் ஊருதானேன்னு வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா இங்க வந்தா யாருக்கும் தமிழ் தெரியல, எனக்கு ஹிந்தி தெரியல, குளிர் வேற ஆரம்பிக்கப் போகுதுங்கறாங்க. எப்படி சமாளிக்கறது?
– வாசகர், குருகிராம்

பதில்: முதல்ல குளிரைப் பேசிடுவோம், அது உங்களுக்காகக் காத்திருக்காது. பினாங்குல வருஷம் பூரா ஒரே வெயில், ஒரே மழை, நீங்க கம்பளின்னு ஒண்ணு வச்சிருக்கவே மாட்டீங்க. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் குருகிராம்ல ராத்திரியில நாலு அஞ்சு டிகிரிக்கு வரும், வெளிய இருக்கறதைவிட வீட்டுக்குள்ளதான் குளிரும், ஏன்னா அங்க ஃபிளாட்டுகள்ல ஹீட்டிங்னு ஒண்ணு கட்டறதில்ல, மார்பிள் தரை வேற, காலை வச்சா ஐஸ் மேல வச்ச மாதிரி இருக்கும். ஆயில் ஹீட்டர் ஒண்ணு, நல்ல ரஜாய் (பஞ்சு வச்சுத் தைச்ச போர்வை) ஒண்ணு, வீட்டுக்குள்ள போட செருப்பு, இதை நவம்பர்லயே வாங்கிடுங்க. அதுக்கும் முன்னாடி தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் வந்துடும், அதை லேசா எடுத்துக்காதீங்க, படுக்கை அறைக்கு ஒரு ஏர் பியூரிஃபயர் வாங்கித் தரச் சொல்லி கம்பெனிகிட்ட கேளுங்க, அது உங்க உரிமைன்னே நான் நினைக்கறேன். காலைல வாக்கிங் போற பழக்கம் இருந்தா காத்தோட தரத்தைப் பார்த்துட்டுப் போங்க. ஜனவரில மூடுபனிக்கு ஃபிளைட் தள்ளிப் போகும், தைப்பூசத்துக்கு பினாங்கு போறதா இருந்தா ஒரு நாள் முன்னாடியே கிளம்பற மாதிரி டிக்கெட் போடுங்க.

பாஷைக்கு வர்றேன். ஹிந்தி கிளாஸ் எல்லாம் அப்புறம். காய் விக்கறவர், செக்யூரிட்டி, டிரைவர் எல்லாரையும் பையா (அண்ணா)ன்னு கூப்பிடுங்க, வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவை தீதி (அக்கா)ன்னு கூப்பிடுங்க, ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண்ணக் கத்துக்குங்க, வலது இடது நேரா நிறுத்து, இவ்வளவு போதும், முதல் மூணு மாசம் ஓடிடும். எண்ணுதான் ரொம்ப முக்கியம், விலை பேசறதும் வீட்டு நம்பர் சொல்றதும் ஓ.டி.பி. சொல்றதும் எல்லாமே எண்ணுதான்.

தமிழ்ச் சத்தம் கேக்கணும்னா மெட்ரோ இருக்கு, யெல்லோ லைன்ல ஏறி டெல்லிக்குப் போங்க. ஆர்.கே.புரத்துல உத்தர சுவாமிமலைக் கோயில் இருக்கு, எல்லாரும் மலை மந்திர்னு சொல்லுவாங்க, நம்ம முருகன்தான், பினாங்குக்காரருக்கு இதைவிட என்ன வேணும். அதே ஆர்.கே.புரத்துல டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கு, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் பல பகுதியில இருக்கு, அங்க பிள்ளைகளைப் படிக்க வைக்கற குடும்பங்கள் மூலமா பழக்கம் சீக்கிரம் வரும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நல்ல தேங்காய்க்கு டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட். குருகிராம்ல செவ்வாய்க்கிழமையும் நவராத்திரி நாட்கள்லயும் பல கறிக்கடைகள் மூடியிருக்கும், அதுக்குத் தகுந்தாப்ல வாங்கி வச்சுக்குங்க.

இன்னொரு விஷயம், உங்க கொள்ளுத்தாத்தா இந்தியாவுலேர்ந்து போனவர்ங்கறதுக்கு ஆவணம் ஏதாவது குடும்பத்துல இருந்தா ஓ.சி.ஐ.க்கு, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தர்ற அட்டைக்கு, விண்ணப்பிக்க வழி இருக்கு, கொள்ளுப்பேரன் பேத்தி வரைக்கும் சட்டம் இடம் குடுக்குது. அது கிடைச்சா எம்ப்ளாய்மென்ட் விசாவும் வேணாம், எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவும் வேணாம். பழைய டிரங்குப் பெட்டியில இருக்கற பேப்பரை எல்லாம் தேடிப் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு இன்னிக்கே ஃபோன் போடுங்க.

கேள்வி: நாங்க நாவலூர்ல அபார்ட்மென்ட்ல இருக்கோம். மேல் மாடியில ஒரு ஜெர்மன் குடும்பம் வந்திருக்காங்க, அவர் ஓ.எம்.ஆர்.ல பெரிய வேலை, அந்தம்மா பகல் பூரா பால்கனியில தனியா உக்காந்திருக்காங்க. லிஃப்ட்ல பார்த்தா சிரிக்கறாங்க. எனக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வரும். எப்படிப் போய்ப் பேசறது, பேசினா தொந்தரவா நினைப்பாங்களோன்னு தயக்கமா இருக்கு.
– வாசகி, நாவலூர்

பதில்: நீங்க கேட்ட கேள்வியை நான் கட்டாயம் பதிலோட போடணும்னு நினைச்சேன், ஏன்னா வெளிநாட்டு அசைன்மென்ட்ல பாதியில கிளம்பிப் போறவங்களைப் பார்த்தா வேலை பிடிக்காம போறவங்க கம்மி, வீட்டுல இருக்கறவங்களுக்கு முடியாமப் போய்த்தான் கிளம்பறாங்க. அவருக்கு ஆபீஸ் இருக்கு, நாலு பேர் இருக்காங்க. அந்தம்மா கணவரோட சார்பா என்ட்ரி விசாவுல வந்திருப்பாங்க, அதுல இங்க வேலைக்குப் போக முடியாது. அவங்க ஊர்ல டீச்சரா இருந்திருக்கலாம், நர்ஸா இருந்திருக்கலாம், எதுவா இருந்தாலும் அதை விட்டுட்டு வந்து இங்க பால்கனியில உக்காந்திருக்காங்க. நீங்க பேசினா அது தொந்தரவே இல்ல.

ஆனா சொல்லாமக் கொள்ளாம கதவைத் தட்டாதீங்க, அவங்க ஊர்ல ரெண்டு நாள் முன்னாடி கேட்டுட்டு வர்றதுதான் வழக்கம். லிஃப்ட்ல பார்க்கும்போது உங்க நம்பரை ஒரு சின்னச் சீட்டுல எழுதிக் குடுத்து வாட்ஸ்அப்னு சொல்லுங்க. எழுதும்போது உங்க இங்கிலீஷைப் பத்திக் கவலையே வேணாம், அவங்களுக்கும் அது தாய்மொழி இல்ல, ஃபோன்லயே மொழிபெயர்த்துக்கலாம். முதல் தடவையே பெரிய விருந்து வைக்காதீங்க, பதினாறு வகை வச்சுட்டு சாப்பிடு சாப்பிடுன்னா அவங்க திரும்ப வரவே தயங்குவாங்க, பதிலுக்கு என்ன செய்யறதுன்னு வேற கவலைப்படுவாங்க. நீங்க எப்படியும் செய்யற வேலைக்குக் கூடக் கூப்பிடுங்க, சாயங்காலம் அபார்ட்மென்ட்டைச் சுத்தி நடக்கறது, காய்கறி வாங்கப் போறது, மார்கழியா இருந்தா காலைல கோலம் போடறது. கையில மாவை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல எப்படி விடறதுன்னு காட்டறதுக்கு எந்த பாஷையும் வேணாம்.

குழந்தை எத்தனை, ஏன் இல்ல, வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, இதையெல்லாம் முதல்ல கேக்காதீங்க. அவங்க பேங்க்ல, கடையில என்ன சிரமப்படறாங்கன்னு கேளுங்க, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு எவ்வளவு சம்பளம், தீபாவளிக்கு போனஸ் தரணுமா, வாட்ச்மேனுக்கு எவ்வளவு குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருப்பாங்க, உங்க பிளாக்ல என்ன வழக்கமோ அதைச் சரியா சொல்லுங்க.

அப்புறம் நீங்களும் அவங்ககிட்ட ஒரு உதவி கேளுங்க. இதை ரொம்ப முக்கியமா சொல்றேன், எல்லாரும் அவங்களுக்கு செஞ்சுக்கிட்டே இருந்தா அவங்க விருந்தாளியாவே இருப்பாங்க, நம்ம வீட்டுக்கு ஒரு காரியம் செஞ்சு குடுத்தாத்தான் உறவு ஒட்டும். உங்க வீட்டுல காலேஜ் படிக்கற பிள்ளை இருந்து ஜெர்மன் கத்துக்கணும்னு ஆசைப்பட்டா வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசிப் பழகக் கேளுங்க, இல்லன்னா கேக் பண்ணச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. நுங்கம்பாக்கத்துல மேக்ஸ் முல்லர் பவன் இருக்கு, அவங்க ஊர் நிகழ்ச்சி, லைப்ரரி எல்லாம் உண்டு, அங்க ஒரு நாள் அவங்களோட நீங்களும் போய்ட்டு வாங்க, காரை விட்டுட்டு பஸ்ல போங்க, லேடீஸ் சீட் எது, கண்டக்டர்கிட்ட எப்படி டிக்கெட் கேக்கறது, எந்த ஸ்டாப்ல இறங்கறதுன்னு ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா அடுத்த தடவை அவங்களே தனியா போய்ட்டு வருவாங்க.